மெத்தைக்குப் பிறகு வந்த இரண்டு வாக்கியங்கள்

தேர்தல் விளம்பரத்தில் அந்த அக்கா இரண்டே வாக்கியம் பேசுகிறார். "வைபி வந்தாரு. கையில புது மெத்தை கொடுத்தாரு." உடனே பின்னணி இசை ஏறுகிறது. வேட்பாளரின் சிரித்த முகம் வருகிறது. கட்சிச் சின்னம் வருகிறது.

நான் எடுத்த காணொளியில் அவர் அங்கே நிறுத்தவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "போட்டோ புடிச்சாங்க. புடிச்சி முடிச்சதும் அதே மெத்தைய லோரியில ஏத்திக்கிட்டு பின் வரிசைக்குப் போயிட்டாங்க."

வைபி என்று இங்கே எல்லாரும் சொல்வது தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரை. அவரேதான் மறுபடியும் வேட்பாளராக நின்றார். அவருக்காக வெட்டியவர்கள் திறமைசாலிகள். வெட்டிய இடம் தெரியவே தெரியாது. அக்காவின் உதடு மூடுகிற கணத்தில் கத்தரி விழுந்திருக்கிறது. முப்பது ஆண்டு வாழ்க்கையில் பாதியைச் செய்திகளை வெட்டுவதிலேயே கழித்தவள் நான். நல்ல வெட்டைப் பார்த்தால் எனக்குத் தெரியும். இது நல்ல வெட்டு. அதனால்தான் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஒரு கடையின் மாடியில் இயங்கும் தமிழ் நாளிதழில் வேலை செய்கிறேன். மேசை வேலைதான் என்றாலும், ஆள் போதாத நாளில் நாங்களே கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். ஆண்டு இறுதி வெள்ளத்தின்போது பண்டமாரானுக்கு நான் போனது அப்படித்தான். துறைமுகத்துக்கு அருகே வரிசை வீடுகள். தண்ணீர் வடிந்து, சுவரில் மார்பளவுக்குச் சேற்றுக்கோடு நின்றது. பெரும்பாலோர் இன்னும் பள்ளி மண்டபத்தில் தங்கியிருந்தார்கள். லோரி நிறுத்துமிடத்துக் கேண்டீனில் சமைக்கும் இந்த அக்கா மட்டும் முன் வரிசையில் தன் வீட்டுக்குத் திரும்பி, சாமிப் படங்களைக் கழுவி வெயிலில் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தார். வைபி வந்து போனது அன்று காலையில். வரிசைக்கு ஒரு வீடு, அக்கம்பக்கத்தில் ஆள் திரும்பாத வீடாகப் பார்த்துப் போயிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மெத்தை திரும்பிப் போனதை அக்கா கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்புதான் பிறகு விளம்பரத்தில் நன்றிச் சிரிப்பானது.

காணொளியை அன்றைக்கே இணையத்தில் போட்டோம். பார்த்தவர்கள் குறைவு. வெள்ளக் காணொளிகள் கொட்டிக் கிடந்த வாரம் அது. எங்கள் வழக்கப்படி, பத்திரிகையின் சின்னத்தை வலது மேல் மூலையில் பதித்திருந்தோம். யாரும் திருடக்கூடாது என்பதற்காகப் பதிப்பது. விளம்பரக்காரர்கள் எங்கள் ஒலியை மாற்றினார்கள், நிறத்தை மாற்றினார்கள், வாக்கியத்தை வெட்டினார்கள். சின்னத்தை மட்டும் தொடவில்லை. அது அவர்களுக்குத் தேவைப்பட்டது.

அடுத்த ஆடி மாதத்தில் தேர்தல் வந்தது. ஒரு காலை, அலுவலகப் படியேறும்போது அக்காவிடமிருந்து அழைப்பு.

"தங்கச்சி, ஒங்க பேப்பர்ல என்னை வித்துட்டீங்களா?"

நான் அதுவரை விளம்பரத்தைப் பார்த்திருக்கவில்லை. புரியவில்லை என்றேன்.

"எல்லார் போன்லயும் என் மூஞ்சிதான். மெத்தை கொடுத்தாரு, மெத்தை கொடுத்தாருன்னு. பாசாருக்குப் போனா மீன்காரன் கேக்குறான், 'அக்கா, நல்லா தூக்கம் வருதா?'ன்னு. பக்கத்து வீட்டுக்காரி பேசமாட்டேங்குறா. எல்லாருக்கும் பாய், எனக்கு மட்டும் மெத்தையாம். வாங்கிக்கிட்டு மூடி வச்சிட்டேனாம்."

"அக்கா, நாங்க கொடுக்கல. அவங்க எடுத்திருக்காங்க."

"மூலையில ஒங்க பேப்பர் சின்னம் இருக்குலா. பேப்பர்லயே வந்துருச்சுங்குறாங்க. நான் என்ன சொல்றது?" பிறகு, அதுவரை இல்லாத குரலில், "கூழுக்கு என்னை வேணாம்னுட்டாங்க," என்றார். "இந்த வருஷம் நாங்க பாத்துக்கிறோம், நீ ரெஸ்ட் எடுன்னு. எங்கிட்ட ரெஸ்ட் எடுன்னு."

வெளியூர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். அந்த வரிசை வீடுகளுக்கு நடுவே தகரக் கூரை போட்ட ஓர் அம்மன் கோவில் உண்டு. ஆடியில் ஒரு ஞாயிறு கூழ் ஊற்றுவார்கள். வீட்டுக்கு வீடு மாவு வாங்கி ஒரே பானையில் போட்டுக் காய்ச்சுவது வழக்கம். வீடு வீடாக மாவு வாங்கப் போகிறவரும், பானையருகே கரண்டி பிடிப்பவரும் ஒருவரே. எல்லார் வாசலிலும் நின்று கை நீட்டக்கூடிய ஆளாக அவர் இருக்கவேண்டும். கணவர் இறந்து, மகள் திருமணமாகி ஜொகூருக்குப் போன பிறகு, அக்காவுக்கு அந்த வரிசையில் இருந்த இடம் அதுதான். அதைத்தான் இரண்டு வாக்கியத்தில் பிடுங்கினார்கள்.

"முழுசையும் போடுங்க தங்கச்சி. நான் பேசினது எங்க முடியுதோ அது வரைக்கும். எனக்கு வேற ஒன்னும் வேணாம்."

போடுகிறேன் என்றேன். முழுக் காணொளி எங்கள் இணையப் பக்கத்தில் ஏற்கெனவே இருந்தது. அதன் இணைப்பை அனுப்பினேன். அது போதும் என்று நினைத்தேன்.

எங்கள் பத்திரிகை ஆசிரியர் கோபப்பட்டார். அதை மறுக்கமாட்டேன். மேசையைத் தட்டினார். "நம்ம சின்னத்தப் போட்டு ஓட்டு கேக்குறானுங்களா?" உடனே ஆட்சேபக் கடிதம் தயாரானது. கட்சிக்கு ஒன்று, விளம்பரம் ஓடும் தளத்துக்கு ஒன்று, இணையத்தில் வருவதையெல்லாம் கண்காணிக்கும் அலுவலகத்துக்கு ஒன்று. 'எங்கள் செய்திக் காணொளி அனுமதியின்றி, பொருள் திரித்துப் பயன்படுத்தப்பட்டுள்ளது' என்று நான்தான் எழுதினேன். ஆதாரமாக மூலக் காணொளியின் இணைப்பைச் சேர்க்கச் சொன்னார் ஆசிரியர். சேர்த்தோம். எங்கள் கண்ணில் அது நியாயமான காரியம். ஆதாரமில்லாமல் மறுப்பு அனுப்பக்கூடாது என்பது எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட முதல் பாடம்.

கட்சியின் ஊடகப் பொறுப்பாளர் மதியமே அழைத்தார். தேன் தடவிய குரல்.

"சிஸ்டர், இது ஒங்களுக்கும் பப்ளிசிட்டிதானே. ஒங்க லோகோவ நாங்க மறைக்கலையே."

"மறைச்சிருந்தா தேவலை. அந்தம்மா சொன்னதுல பாதிய எடுத்துட்டீங்க."

"டைம் லிமிட் சிஸ்டர். விளம்பரம்னா சுருக்கமாதான் இருக்கும். அவங்க சொல்லாதத நாங்க சொல்ல வச்சோமா? மெத்தை கொடுத்தாருன்னு அவங்க வாயாலதானே சொன்னாங்க?"

"திருப்பி எடுத்துட்டீங்கன்னும் அவங்க வாயாலதான் சொன்னாங்க."

"அது ஒரு குற்றச்சாட்டு. தேர்தல் நேரத்துல குற்றச்சாட்டப் பரப்புறது சென்சிட்டிவ். நீங்க பேப்பர் நடத்துறவங்க, ஒங்களுக்கு நான் சொல்லணுமா?"

மிரட்டல் என்று அதைச் சொல்ல முடியாது. அப்படிச் சொல்ல முடியாத விதத்தில் பேசுவதற்குத்தான் அவரை அங்கே வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை அக்காவுக்கு அனுப்பிய இணைப்பைத் தொட்டேன். சாம்பல் நிறப் பெட்டி ஒன்று வந்தது. சட்டக் காரணங்களுக்காக இந்த உள்ளடக்கம் உங்கள் நாட்டில் கிடைக்காது. அவ்வளவுதான். யார் கேட்டது, எந்தச் சட்டம், யாரிடம் முறையிடுவது, எதுவும் இல்லை. தளத்துக்கு எழுதினேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று ஓர் இயந்திரம் பதில் சொன்னது. இணையத்தைக் கண்காணிக்கும் அந்த அலுவலகத்துக்கு அழைத்தேன். ஒருவர் இன்னொருவருக்கு மாற்றினார். அவர் மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார். அனுப்பிய மின்னஞ்சலுக்கு இன்றுவரை பதிலில்லை. அந்த மூலக் காணொளியை ஏழெட்டு மாதமாக ஒருவரும் சீண்டவில்லை. நாங்கள் அதன் முகவரியை எழுதி, மூன்று இடத்துக்கு அனுப்பிய மறுநாள் அது காணாமல் போனது. விளம்பரம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. சாம்பல் பெட்டிக்குக் கீழே 'நீங்கள் விரும்பக்கூடியவை' என்று அந்த விளம்பரத்தையே காட்டியது.

அக்காவின் மருமகன் ஜொகூரிலிருந்து தினமும் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். அங்கே போனதும் காணொளி திறக்கிறது என்று சொன்னார். பாலத்தின் அந்தப் பக்கம் அக்கா நான்கு வாக்கியம் பேசுகிறார். இந்தப் பக்கம், வெள்ளம் வந்த இந்தப் பக்கம், இரண்டு.

அலுவலகத்தில் யாரிடமும் கேட்காமல் முழுக் காணொளியின் பிரதியை அக்காவின் கைப்பேசிக்கே அனுப்பினேன். அவர் அதைப் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் காட்டியிருக்கிறார். என்ன நடந்தது என்று அவரே சொன்னார்.

"லிங்க் எங்கன்னு கேட்டாங்க. அழுத்துனா ஒன்னும் வரல. 'பொய்யா இருக்கப் போய்தானே கவர்மெண்டே எடுத்துட்டாங்க'ங்குறா. ஒருத்தி சொல்றா, 'இப்பல்லாம் ஏஐ இருக்குலா, யார வேணும்னாலும் எத வேணும்னாலும் பேச வைக்கலாம்'னு. என் வாய்ல இருந்து வந்தத என் எதுக்கவே பொய்ங்குறாங்க தங்கச்சி."

தணிக்கை என்றால் வாயைக் கட்டுவது என்றுதான் நாங்கள் கட்டுரைகளில் எழுதுவோம். அது பழைய காலத்துத் தணிக்கை. இப்போது வாயை யாரும் கட்டுவதில்லை. பேசியவரை அவரது வாசலிலேயே பொய்க்காரராக்கிவிட்டால் போதும். அதற்கு ஒரு சாம்பல் பெட்டி போதுமானதாக இருக்கிறது.

காகிதத்திலாவது முழு விவரத்தையும் போடுவோம் என்று ஆசிரியரிடம் கேட்டேன். அவருடைய கோபம் இதற்குள் வடிந்திருந்தது. "பெர்மிட் இருக்கும்மா," என்றார். அரசு தரும், அரசே பறிக்கக்கூடிய அச்சு உரிமத்தைச் சொல்கிறார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் யாரும் வாதாடுவதில்லை. கடைசியில் ஏழாம் பக்கத்தின் அடியில், 'எமது காணொளியை அனுமதியின்றிப் பயன்படுத்தியது குறித்து வருத்தம் தெரிவிக்கிறோம்' என்று ஒரு பெட்டிச் செய்தி வந்தது. படித்தால் நாங்கள்தான் ஏதோ தப்புச் செய்து வருந்துவதுபோல் இருந்தது. அந்தத் தாளின் மறுபக்கம், எட்டாம் பக்கம், முழுப்பக்க வண்ண விளம்பரம். வைபியேதான். தேர்தல் நாள் வரைக்கும் அந்தப் பக்கத்தை வாங்கியிருந்தார்கள். விளம்பரப் பக்கங்கள் முடிந்த வடிவத்தில் நேராக அச்சுக்குப் போகும். செய்தி மேசையில் நாங்கள் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அன்றும் யாரும் பார்க்கவில்லை.

கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை கோமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்குப் போய், அங்கிருந்து பண்டமாரானுக்குப் போனேன். காணொளி திரும்ப வராது, பத்திரிகையிலும் வராது என்பதை முகத்துக்கு நேராகச் சொல்லவேண்டும் என்று இருந்தது. அலுவலகத்துக்குச் சொல்லிக்கொள்ள, ஆடிக் கூழ் பற்றி ஒரு துணுக்கு எழுதுவதாகக் காரணம் வைத்திருந்தேன்.

அக்கா தன் வீட்டு கேட்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒடுக்கமான சாலைக்கு அந்தப் பக்கம் கோவில். பானை ஏறியிருந்தது. பெண்கள் தரையில் பேப்பரை விரித்து, சுற்றி உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, பானையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தீ அதிகமா வச்சிருக்காளுங்க," என்றார்.

நான் சாலையைக் கடந்து கோவிலுக்குப் போனேன். என் துணுக்குக்குப் பெண்களிடம் நாலு வார்த்தை கேட்கவேண்டும். அவர்கள் விரித்திருந்தது எங்கள் பேப்பர். முந்திய நாளின் எட்டாம் பக்கம் மேலே கிடந்தது. வைபியின் நெற்றியில் வெங்காயத்தோல் குவிந்திருந்தது.

"ஏய், இது எங்க வீட்டுக்காரருலா!" என்றாள் ஒருத்தி. பின் வரிசையில் குடியிருப்பவள். தோலைத் தள்ளிவிட்டுக் குனிந்தாள்.

விளம்பரத்தின் கீழ்ப்பாதியில் மூன்று படங்கள். அக்கா ஒரு மெத்தையோடு. பின் வரிசைக்காரியின் கணவர் ஒரு மெத்தையோடு. கடைசி வரிசைக் கிழவர் ஒருவர் ஒரு மெத்தையோடு.

"சிரிக்கிறதப் பாரு, புது மாப்பிள்ள மாதிரி."

"நீயும் மெத்தை வாங்குனியாடி? சொல்லவே இல்ல."

"எங்க வாங்குனோம்!" அவள் முகம் சிவந்தது. "போட்டோ புடிச்சிட்டு லோரியில ஏத்திட்டுப் போயிட்டாங்க. வெளிய சொன்னா சிரிப்பீங்கன்னு அவரு சொல்லாதன்னுட்டாரு."

வெங்காயம் உரிக்கும் கைகள் நின்றன. அவள் படத்தில் விரலை வைத்தாள். மெத்தையைச் சுற்றிய பிளாஸ்டிக் உறை ஒரு மூலையில் கிழிந்து, அதன்மேல் பழுப்பு நிற டேப்பைப் பெருக்கல் குறிபோல் ஒட்டியிருந்தது.

"இந்த டேப்பு எனக்கு நல்லா தெரியும். எங்க வாசல்ல எறக்கும்போது என் கைதான் அதுல பட்டுச்சி."

பக்கத்தில் இருந்தவள் அக்காவின் படத்துக்கு விரலை நகர்த்தினாள். அதே மூலை. அதே டேப். பிறகு கிழவரின் படம். அங்கேயும் அதே டேப்.

"மூனு வீடு, மூனு மெத்தைலா," என்று யாரோ பலவீனமாகச் சொன்னார்கள்.

"மூனு மெத்தையும் ஒரே எடத்துல கிழியுமா? ஒரே மாதிரி ஒட்டுவாங்களா?"

கைப்பேசியின் சின்னத் திரையில் அது தெரியாது. முழுப்பக்க வண்ணத்தில், மடியில் விரித்துப் பார்க்கும் தூரத்தில் தெரிந்தது. எங்கள் அச்சகம் நன்றாகவே அச்சடித்திருந்தது. யாரும் நீக்கச் சொல்லாத பக்கம் அது. அவர்களே வாங்கிய பக்கம்.

அக்காவை ஒதுக்கியதில் முன்னே நின்றவள் அகப்பையோடு பானையருகில் இருந்தாள். அவள் வந்து பார்த்தாள், நிமிர்ந்தாள், சாலையைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"அக்கா! இங்க வாயேன்."

அக்கா எழவில்லை. "எதுக்கு?"

"சும்மா வாக்கா. கூழு கிண்டணும்."

"ஏன், மெத்தையில படுத்து ரெஸ்ட் எடுக்கச் சொன்னியே?"

சிலர் சிரித்தார்கள். கூப்பிட்டவள் சிரிக்கவில்லை. பேப்பரை அப்படியே தூக்கிக்கொண்டு, வெங்காயம் சிதற, சாலையைக் கடந்து கேட்டின் மேல் விரித்துக் காட்டினாள். அக்கா வெகுநேரம் பார்த்தார். தன் படத்தைப் பார்க்கவில்லை. மற்ற இரண்டு படங்களைத்தான் பார்த்தார். ஏமாந்தது தான் ஒருத்தி மட்டுமில்லை என்பது அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

பிறகு சொன்னார்: "நான் வாயால சொன்னேன், நம்பல. போன்ல காட்டுனேன், நம்பல. டேப்பு சொன்னா நம்புறீங்க."

யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தப் பழக்கம் எங்கள் ஊர்களில் குறைவு. கூப்பிட்டவள் அகப்பையை நீட்டிக்கொண்டே நின்றாள். அக்கா மூக்கை உறிஞ்சினார்.

"அடி புடிக்குது. வாசன வரல ஒனக்கு? நகரு."

கேட்டைத் திறந்துகொண்டு போனார். போகிற வழியில் ஒரு டின்னை எடுத்துக்கொண்டார். அவர் வீட்டு மாவு. யாரும் வந்து கேட்காததால் பங்கு கொடுக்கப்படாமல் கிடந்தது. அதையும் பானையில் போட்டார்.

நான் கிளம்பும்போது ஒரு பெரிய டம்ளரில் கூழ் வந்தது. "இதையாவது முழுசா குடிச்சிட்டுப் போங்க தங்கச்சி," என்றார். "பாதியில வெட்டிராதீங்க." சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தப் பேச்சில் கோபம் இருந்தது. அதில் ஒரு பங்கு எங்களுக்கும் சேரவேண்டியது.

மாலையில் அலுவலகம் திரும்பி எழுதினேன். நான்கு பத்தி. கூழ், பெண்கள், மூன்று படங்கள், ஒரே டேப். குற்றச்சாட்டு எதுவும் இல்லை. எங்கள் பேப்பரில் வந்த படத்தில் என்ன இருக்கிறது என்பது மட்டும். ஆசிரியர் இரண்டு முறை படித்தார்.

"நல்லா இருக்கு," என்றார். "தேர்தல் முடியட்டும்மா."

"முடிஞ்ச பெறகு யாருக்கு அண்ணே?"

"விளம்பரத்துல உள்ளத நாம விமர்சிக்க முடியாது. அவங்க பக்கம் அது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னைவிட அவருக்குத்தான் அதிக வெட்கம் என்று தோன்றியது. வெட்கத்தால் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் காலை படியேறும்போது அழைப்பு வந்தது. பின்னால் கேண்டீன் பாத்திரங்களின் சத்தம்.

"தங்கச்சி, பேப்பர் பாத்தேன்." தடவித் தடவி வாசித்தார். "பண்டமாரானில் ஆடிக் கூழ் விழா சிறப்பாக நடைபெற்றது. சுற்றுவட்டாரப் பெண்கள் திரளாகக் கலந்துகொண்டனர்." நிறுத்தினார். "அவ்வளவுதானா? ரெண்டு வரிதான் வந்திருக்கு."

"நான் நாலு பத்தி எழுதினேன் அக்கா."

"நானும் நாலுதான் பேசினேன்," என்றார்.

பக்கத்தைத் திருப்பினேன். எட்டாம் பக்கத்தில் வைபி சிரித்துக்கொண்டிருந்தார். படத்தை மாற்றவில்லை. டேப்பையும் மறைக்கவில்லை. அப்படி மறைக்கவேண்டிய அவசியம் யாராலும் வரும் என்று அவர்கள் நினைக்கவே இல்லை.

அந்தத் தேர்தல் முடிந்துவிட்டது. இணைப்பைத் தொட்டால் இன்றும் அதே சாம்பல் பெட்டிதான். என் நான்கு பத்தி ஆசிரியரின் கணினியில் எங்கேயோ கிடக்கிறது. அதில் இருந்ததையும் இல்லாததையும் சேர்த்துத்தான் இங்கே எழுதியிருக்கிறேன், வெட்டாமல்.